உப்பள வரப்பில் ஓடும் தண்ணி வண்டி

1

இன்று காலை ஒரு வாடிக்கையாளரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். வெளிநாட்டில் இருக்கிறவன் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் எண்ணுகிறான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜாவுக்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டி நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடும் ஒரு இடத்தில் எனக்கு வேலை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார் இருக்கும், காலை அகட்டிப் போட்டு உட்காரும் சீட் இருக்கும். கீழே மட்டும் நான்கு குண்டு டயர்கள். மணல், சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் போகும். அதைப் பழுது பார்ப்பதும், வருகிறவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தருவதும் என் வேலை.

இன்று வந்தவர் தன் ஐந்து வயது மகளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன். "இவ்வளவு நீளமாக சீட் வைத்திருக்கிறீர்களே, எதற்கு?" என்று கத்தினார். கேள்வி நியாயமானதுதான். அந்த நீளம் இன்னொரு ஆளுக்காக இல்லை, ஓட்டுகிறவன் நகர்வதற்காக. மேடேறும்போது முன்னால் நகர வேண்டும், இறங்கும்போது பின்னால் வர வேண்டும், திரும்பும்போது உட்பக்கம் சாய வேண்டும். இந்த வண்டியைப் பாதி ஓட்டுவது கை, மீதி உடம்பு. பின்னால் ஓர் ஆள் இருந்தால் உடம்பால் ஓட்ட முடியாது, வண்டி கவிழ்ந்துவிடும். எனக்குத் தெரிந்த இந்தியில் இதைச் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் போய்விட்டார். "நீ சொன்னது சரி, சொன்ன முகம் சரியில்லை" என்றார் சூப்பர்வைசர்.

முகத்துக்கு நான் என்ன செய்வது? ஷெட்டுக்குள் வந்தபோதுதான் காலண்டர் கண்ணில் பட்டது. இதே மாதிரி ஒரு வண்டியின் சாவி ஊரில் என் மனைவி மல்லிகா கைக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். அந்த வருடத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

எனக்கு மரக்காணம் பக்கம். இருபத்தாறு வயது வரை உப்பளத்தில் வேலை. அதற்கப்புறம் கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர் மூலமாக விசா கிடைத்து இங்கே வந்தேன், பத்து வருடம் ஆகிறது. நான் கிளம்பியபோது மல்லிகாவுக்கும் அளத்தில்தான் வேலை, இப்போதும் அங்கேதான்.

சுனாமி வந்து கடலோரத்தைப் புரட்டிப் போட்டபோது மணல் ஏறிய உப்புப் பாத்திகளைச் சுத்தம் செய்ய ஒரு நிவாரணக் குழு வந்தது. அவர்கள் கொண்டு வந்த சாமான்களில் ஒரு நாலு சக்கர வண்டியும் இருந்தது. ஊரில் அதற்குத் தவக்கள வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். குத்த வைத்து உட்கார்ந்திருக்கும் தோரணைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். வேலை முடிந்து போகும்போது அந்தக் குழு வண்டியை மகளிர் குழுவிடம் விட்டுவிட்டுப் போனது. ஒரே நிபந்தனை, ஓட்டுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அவர் பயிற்சி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வண்டியால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தண்ணீர் ஆகும். எங்கள் அளம் ஊரிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். சுற்றிலும் தண்ணீர்தான், ஒரு வாய் குடிக்க முடியாது. நிழலும் கிடையாது. காலையில் வேலைக்குப் போகும்போது ஆளுக்கொரு பாட்டிலில் கொண்டு போவார்கள், பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு யாராவது இரண்டு பெண்கள் குடத்தோடு நடக்க வேண்டும், அவர்களுக்கு அன்றைய கூலியில் பாதி போச்சு. வண்டி வந்த பிறகு பின்னால் மூன்று கேன், முன்னால் ஒரு கேன் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று நடை. நாற்பது பேருக்குத் தாராளமாக வந்தது.

பயிற்சிக்கு ஆண்கள் நாலைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு வந்தார்களாம். முதல் நாளே ஒருத்தன் மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். ஒழுங்காகக் கடைசி நாள் வரை போய் நின்றது மல்லிகாதான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் இந்த வண்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வளைவில் பயந்துபோய்க் காலைக் கீழே ஊன்றிய ஒருத்தரின் பாதத்தின் மேல் அவருடைய வண்டியின் பின்டயரே ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

3

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பத்து வருஷமா நீங்க அதுல தான வேல செய்றீங்க? உங்களுக்கு ஒன்னும் ஆவலியே" என்றாள். வாயால் தடுக்க முடியாதவன் எழுதத்தான் வேண்டும். நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்கு அவ்வளவு நீளமாக எழுதியது அதுதான் முதல் தடவை, அதிலும் அன்பு என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட வரவில்லை.

பத்து குறிப்புகள். கிளம்புவதற்கு முன் நான்கு டயரையும் அமுக்கிப் பார், காற்று நான்கிலும் ஒன்று போல இருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பார். ஆக்சிலேட்டரைக் கட்டைவிரலால் அழுத்தி விடு, அது தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும், மந்தமாக வந்தால் அன்றைக்கு வண்டி எடுக்காதே. எஞ்சினை அணைக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் சாவியைத் திருப்பாதே. ஹெல்மெட், ஷூ. என்ன ஆனாலும் காலைக் கீழே ஊன்றாதே. வண்டி ஒரு பக்கம் சரிந்தால் மேட்டுப் பக்கம் சாய், முடியாவிட்டால் மேட்டுப் பக்கமாகக் குதி, வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதே. யாரையும் ஏற்றாதே. சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவித் துடை, செயினுக்கு எண்ணெய் போடு.

இந்தக் கடைசிக் குறிப்பில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று எனக்கு எந்த கம்பெனி புத்தகமும் சொல்லித் தரவில்லை. அளத்தில் ஒரு மண்வெட்டியைக் கழுவாமல் இரண்டு நாள் விட்டால் போதும். இங்கேயும் கடலோரம் உப்புத்தரை உண்டு, அதில் போய் வந்த வண்டிகளை மற்றவர்கள் காற்றடித்துத் துடைத்துவிட்டு நிறுத்துவார்கள். பேரிங் ஒவ்வொன்றாகப் போனபோதுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்றிலிருந்துதான் நான் ஹெல்பர் இல்லை, மெக்கானிக்.

மல்லிகா அளத்துப் பெண்கள் எல்லாரையும் போல புடவை மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, தலைத்துணி மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனாள். செருப்பில்லாமல் நடக்கும் இடத்தில் நான் அனுப்பிய ஷூவைப் பார்த்து, "இன்னாமே, போலீஸ்ல சேந்துட்டியா?" என்று கிண்டல் செய்தார்களாம்.

வண்டியைப் பதிவு செய்ய ஒரு அலுவலகத்துக்கும் போய் வந்தாள். படிவத்தில் டூவீலர், கார் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. "ஸ்டியரிங் இருக்குதா?" என்று கேட்டாராம் எழுத்தர். ஹேண்டில்பார் என்றாள். "அப்ப டூவீலர்னு போடு." சக்கரம் நாலுங்க என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இந்த வண்டி ரோட்டுக்கு வராது. வரப்புல ஓட்டிக்கினு இரும்மா, ரோடு பக்கம் மட்டும் வந்துடாத" என்றாராம். அதையும் அப்படியே கடைப்பிடித்தாள். ஈ.சி.ஆர். நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு நாளும் டயர் படவில்லை.

4

சித்திரை மாதம். இங்கே காலை எட்டரை மணி இருக்கும். எனக்கும் மல்லிகாவுக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒரு மிஸ்டு கால் என்றால் சாவகாசமாகப் பேசலாம், தொடர்ந்து மூன்று என்றால் உடனே பேச வேண்டும். மூன்று வந்தது. ஃபோன் கார்டு நம்பரை அழுத்துவதற்குள் இரண்டு தடவை தப்பாக அழுத்திவிட்டேன்.

"ஒன்னும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

நடந்தது இது. இரண்டாம் நடை தண்ணீரோடு அவள் வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே அஞ்சலை அக்கா வந்தது. அஞ்சலை அக்கா எங்கள் அளத்தில் மூத்த ஆள், தலையில் முப்பது கிலோ உப்புக்கூடை. எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். தலைச்சுமையோடு வருகிறவர் வரப்பை விட்டு இறங்கக் கூடாது, கைவீசி வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். சுமையோடு பாத்தியில் கால் வைத்தால் வழுக்கிவிடும், கழுத்துக்கு ஆபத்து. அதனால் மல்லிகா ஒதுங்கினாள். ஒதுங்கியது அவள் மட்டுமில்லை, வண்டியும்தான். நடந்து வந்திருந்தால் எவ்வளவு ஒதுங்குவாளோ அவ்வளவு ஓரமாக வண்டியை விட்டாள். ஓரத்து ஈரமண் வண்டியின் பாரத்தைத் தாங்கவில்லை. வரப்பு பிட்டுக்கொண்டு, வண்டி வலப்பக்கம் உப்புத்தண்ணீர் வாய்க்காலில் சாய்ந்தது.

அவள் இடப்பக்கம் குதித்துவிட்டாள். மேட்டுப் பக்கம். மணிக்கட்டுக் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"ஏன் ஒதுங்கின? நிறுத்தியிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"தலச்சுமையோட வர்றவங்க எதுரா எப்படிங்க மல்லுக்கு நிக்கிறது? எனக்கு அது தோணவேயில்ல."

இங்கே நாங்கள் வண்டி விடும் யார்டில் பழகிய எவனும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். ஹாரன் அடித்திருப்பான். எங்கள் ஊர்க்காரிதான் செய்வாள். கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அது உறைத்தது.

பத்து பேர் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்துவிட்டார்கள். செல்ஃப் ஸ்டார்ட்டை யாரும் தொடக் கூடாது, எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும் என்றேன். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னேன். அடுத்துச் சொல்ல வேண்டியது நல்ல தண்ணீர். உப்புநீர் காய்வதற்கு முன், உடனே, ஊற்றிக் கழுவ வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஊர்க்குழாய் ரெண்டு கிலோமீட்டர். பக்கத்தில் இருந்த நல்ல தண்ணீர் எது என்று எனக்குத் தெரியும், வண்டியோடு விழுந்தும் மூடி திறக்காமல் கிடந்த அந்த நான்கு கேன். சித்திரை வெயிலில் நாற்பது பேர் குடிக்க வேண்டிய தண்ணீர்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். மல்லிகா ஃபோனை நகர்த்திப் பிடித்து அங்கே இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு அஞ்சலை அக்காவின் குரல்.

"ஊத்துமே. வண்டி பொழச்சாத்தான நாளைக்குத் தண்ணி. ரெண்டு கேனு ஊத்து, ரெண்டு கேனு வெச்சிக்கலாம். ஆளுக்கு அர டம்ளரு குடிச்சா செத்துட மாட்டோம்."

தண்ணீர் ஊற்றும் சத்தம் ஷார்ஜாவில் எனக்குக் கேட்டது. நான் ஷெட் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். சூப்பர்வைசர் பார்த்தார், அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

5

மரக்காணத்திலிருந்து ஒரு டூவீலர் மெக்கானிக் வந்தார். அவருக்கு இந்த வண்டி புதுசு, எஞ்சின் பழசுதான். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவது, கார்பரேட்டரை வடிப்பது, ஏர் ஃபில்டரைக் காய வைப்பது என்று ஒவ்வொன்றையும் ஃபோனிலேயே பேசிக்கொண்டோம். எஞ்சின் ஆயில் டீ மாதிரி வெளுத்து வந்தது. இரண்டு தடவை மாற்றினார்கள். நான்காம் நாள் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வண்டி பிழைத்தது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அவள் வலப்பக்கம் குதித்திருந்தால்? வண்டி அவள் மேல் விழுந்திருந்தால்? எங்கள் மகள் ரேவதிக்குப் பன்னிரண்டு வயது, அப்பா இருந்தும் இல்லாத பிள்ளை, அம்மாவும் போய்விட்டால்? மல்லிகாவைக் கூப்பிட்டு, சாவியைக் குழுவில் ஒப்படைத்துவிடு என்று சொன்னேன். சம்மதம் கேட்கவில்லை, உத்தரவு போட்டேன்.

"குடுத்துட்றேன். யாருகிட்ட குடுக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். "மச்சான ஏத்திக்கினு பீச்சுக்குப் போனானே, அவன்கிட்டயா?"

பயிற்சிக்கு முண்டியடித்த மற்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு மாசத்துல லீவுல வர்றீங்க இல்ல? வந்து ஒரு நாளு என்கூட வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே உங்க கையால சாவிய வாங்கிக்கிங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

அந்த இரண்டு மாதமும் தினமும் மூன்று நடை அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். நான் இங்கே ஃபோனைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

6

சாவியை வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் ஆனி மாதம் ஊருக்குப் போனேன். வாசலில் ரேவதி என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கப்பா, உக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. பக்கத்தில் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்ன கட்டுரையைக் காட்டினாள். அம்மாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம், எல்லாம் வண்டி. 'என் அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார்' என்று எனக்கு ஒரு வரி. தப்பாக ஒன்றும் எழுதவில்லையே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மல்லிகாவோடு கிளம்பினேன். வண்டியில் ஏற முடியாதே, விதி எழுதியவனே நான்தானே. அவள் டயரை அமுக்கினாள், பிரேக்கைப் பார்த்தாள், கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைச் சுண்டினாள். முன் கேரியரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் கட்டியிருந்தது. என் கையெழுத்து. என் பத்து குறிப்புகள். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் பதினொன்றாவது இருந்தது: 'எதிரில் சுமையோடு ஆள் வந்தால் அகலக் கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி நிற்கவும். அவர் போன பிறகு எடுக்கவும்.'

"அகலக் கரைன்னா இன்னா?" என்றேன்.

"வந்து பாருங்க."

வரப்பில் ஐம்பது அடிக்கு ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் மண் கொட்டி, கல் அடுக்கி, அகலப்படுத்தியிருந்தார்கள். அளத்து ஆட்களே வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதாம். மல்லிகா ஒவ்வொரு இடத்திலும் தூரத்தைப் பார்த்தாள். கூடை தெரிந்தால் முன்கூட்டியே ஒதுங்கி, இறங்கி நின்றாள். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டு, பழக்க தோஷத்தில் "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, மெதுவாகப் போகச் சொல்லி, இந்தியில் குரல் கொடுத்தேன். அவள் திரும்பி, "யாருக்குச் சொல்றீங்க?" என்றாள்.

இரண்டாம் நடையை நான் ஓட்டுகிறேன் என்றேன். பத்து வருடம் இந்த வண்டிகளோடு புழங்கியவன் அல்லவா, ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அவள் கயிற்றைக் கழற்றி என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள்.

நன்றாகத்தான் ஓட்டினேன். டயர் நடு வரப்பை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. எதிரே அஞ்சலை அக்கா கூடையோடு வந்தது. எங்கள் யார்டில் வண்டி வந்தால் நடக்கிறவர்கள் விலகுவார்கள். பத்து வருடம் அதிலேயே ஊறிவிட்டேன். வேகத்தைக் குறைத்தேன், ஆனால் அகலக் கரையைத் தாண்டி வந்துவிட்டேன். அக்கா விலகும் என்று என் கை நினைத்துவிட்டது. அக்கா விலகவில்லை. வண்டியின் மூக்குக்கு நேராக, கூடையில் உப்புநீர் சொட்டச் சொட்ட நின்றது.

"இன்னா ஏழுமல, நான் எறங்கணுமா?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த வரப்பில் பதினைந்து வருடம் கைவீசி நடந்தபோதெல்லாம் ஒதுங்கி நின்றவன் நான். ரிவர்ஸ் போட்டு, முப்பது அடி பின்னால் போய், எஞ்சினை அணைத்து இறங்கி நின்றேன். அக்கா என்னைக் கடந்து போகும்போது நிற்காமலே சொன்னது.

"உம் பொண்டாட்டி ஓட்டுனா நாங்க நின்னு பேசவே வேண்டியதில்ல."

பின்னால் மல்லிகா நடந்து வந்து சேர்ந்தாள். சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா. நான் வண்டியிலிருந்து சாவியை எடுத்தேன். இரண்டு மாதமாக வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த சாவி. அதை அவள் கையில் கொடுத்து, என் மணிக்கட்டில் இருந்த கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டினேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்கு அவளைவிட நல்ல ஆள் ஷார்ஜாவிலும் கிடையாது, மரக்காணத்திலும் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் ஏறிக் கிளம்பினாள். நான் பின்னால் நடந்தேன். நான் வெளிநாடு போன பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெரியவர் கடைசிப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் நடந்து வருகிற என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"யாருப்பா நீ? புதுசா கீற?"

"தண்ணி வண்டி ஓட்டுற மல்லிகாவோட வீட்டுக்காரருங்க" என்றேன்.